கேலரி மைதானத்தில் கடைசி இரண்டு சுற்று

கையெழுத்துப் போட ஊருக்குப் போகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் நிலத்தை அண்ணன் பெயருக்கு மாற்ற என் கையெழுத்து வேண்டியிருந்தது. ஆனால் அதற்காக யாரும் ஸ்வீடனிலிருந்து கிளம்பி வரமாட்டார்கள். ஒரு தாளில் அதிகாரம் எழுதிக் கொடுத்து அனுப்பினால் முடிந்துவிடும். நான் வந்தது ஒரு மைதானத்தை இடிப்பதற்கு முன்னால் பார்த்துவிட. இதைச் சொல்லி விடுப்புக் கேட்டிருந்தால், மருத்துவமனையில் என்னோடு வேலை செய்யும் நர்சுகள் எனக்குத்தான் வைத்தியம் பார்த்திருப்பார்கள்.

திருவண்ணாமலையில் அதற்குக் கேலரி மைதானம் என்று பெயர். பழைய அரிசி ஆலை முதலாளி ஒருவர் ஊர்ப்பிள்ளைகளுக்கென்று விட்ட இடம். ஒரு பக்கம் மட்டும் ஏழு படி வைத்த சிமெண்ட் கேலரி, மற்ற மூன்று பக்கமும் புங்க மரம். நடுவே மண். அந்த மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடித்தான் பதினெட்டு வயதில் எண்ணூறு மீட்டரில் என் பெயர் ஊருக்குத் தெரிந்தது. அதே வருடம் சென்னையில் ஓடித் தோற்று, வேறு விதமாகவும் தெரிந்தது.

இப்போது அந்த இடம் பௌர்ணமிக்கு வரும் வண்டிகள் நிற்கும் இடமாகப்போகிறது. கிரிவலக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். பேருந்துகள் நிற்க ஊரில் இடமில்லை, ஓடுகிற பிள்ளைகளுக்கோ ஊருக்கு வெளியே புது அரங்கம் வந்துவிட்டது. எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

முதல் நாளே ஆட்டோக்காரர் என்னைப் புது அரங்கத்துக்குக் கொண்டுபோய் விட்டார். ஸ்டேடியம் என்று நான் சொன்னது தப்பு. சிவப்பு ரப்பர் போட்ட ஓடுதளத்தில் பிள்ளைகள் அடியில் முள் வைத்த ஷூவோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். இது இல்லை, கேலரி என்றேன். "கேலரியா? அங்க இன்னாம்மா இருக்குது, அத இடிக்கப் போறாங்களே" என்றார் அவர். அதற்குத்தான் போகிறேன் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். வழியெல்லாம் பேசவில்லை. சாவு வீட்டுக்குப் போகிறவளிடம் என்ன பேசுவது என்று நினைத்திருக்கலாம்.

நான் இருக்கும் ஸ்வீடன் ஊரில் போன வருடம் ஒரு பழைய பனிச்சறுக்கு அரங்கத்தை இடித்தார்கள். இடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே பலகை வைத்தார்கள். கடைசி ஞாயிறு காபியும் கேக்கும் கொடுத்தார்கள். வழக்கமாக உட்காரும் இருக்கையைக் கேட்டவர்களுக்கு அதன் எண் தகட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். யாரும் அழவில்லை, வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். இங்கே கேலரி வாசலில் ஒரு தாள்கூட ஒட்டவில்லை. இரும்புக் கேட்டின் ஒரு கதவைக் காணவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே முனிரத்தினம் அண்ணன் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதானத்துக்குத் தண்ணீர் தெளிப்பது, புல் செதுக்குவது, கோடு போடுவது எல்லாம் முப்பத்தைந்து வருடமாக அவர்தான். எந்தச் சம்பளப் பட்டியலிலும் அவர் ஒழுங்காக இருந்ததில்லை. ஆலைக் குடும்பம் கொஞ்ச நாள் கொடுத்தது, அப்புறம் யார் யாரோ கொடுத்தார்கள். இப்போது அறுபத்தெட்டு வயது. ஓட்டை போட்ட பால் டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, குனிந்தபடி தட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். வளைவின் நடுவில் ஒரு ஆணி, ஆணியில் கட்டிய கயிறு, கயிற்றின் மறுமுனை அவர் இடுப்பில். அந்தக் கயிறு எவ்வளவு தூரம் விடுகிறதோ அதுதான் வளைவு. கணக்கு, வரைபடம் ஒன்றும் அவருக்கு வேண்டாம்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "மதிம்மா. வந்துட்டியா" என்றார், நேற்றுப் பயிற்சிக்கு வராமல் இன்று வந்தவளைக் கேட்பதுபோல. ராஜமதி என்ற என் பெயரைப் பாதியாக்கியவர் அவர்தான். அந்தப் பாதிப் பெயரை நான் கேட்டு இருபத்தாறு வருடமாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய பிள்ளைகள் எல்லாரும் வந்து இரண்டு சுற்று ஓடுவதென்று போனில் பேசி ஏற்பாடு செய்திருந்தார்கள். சனிக்கிழமை இயந்திரம் வருகிறது. இடிக்கப்போகிற மைதானத்துக்கு எதற்கு இவ்வளவு சுத்தமாகக் கோடு என்று கேட்டேன். கோடு இல்லாமல் எப்படி ஓடுவீர்கள் என்று திருப்பிக் கேட்டார்.

கேலரிக்குக் கீழே இருந்த அறையில் ஒரு போர்டு சாய்ந்திருந்தது. கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. மைதானத்தின் சாதனைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசிக்கு முந்தின வரி நான்: எஸ். ராஜமதி, 800 மீ, 2 நிமிடம் 22. வருடா வருடம் தீபத்துக்கு முன்னால் எல்லா எழுத்துக்கும் புதுப் பெயிண்ட் கொடுப்பாராம். இதை யார் கேட்டாலும் கொடுக்கப்போவதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். வீட்டில் மாட்ட அவ்வளவு பெரிய சுவர் இல்லை, மொட்டைமாடியில் சாத்தி வைத்து மேலே தார்ப்பாய் போடுவாராம்.

"எவன் எவனோ எவ்ளோ செஞ்சான்னு சொல்லுவான். நான் செஞ்சது இதான்" என்றார், போர்டைத் தடவிக்கொண்டு.

அன்று மாலை மெதுவாக மூன்று சுற்று ஓடினேன். நாற்பத்துநான்கு வயதிலும் நான் ஓடுகிறவள்தான். போட்டி இல்லை, யாரும் பார்ப்பதில்லை, காட்டுப் பாதையில் தனியாக ஓடிவிட்டு வேலைக்குப் போவேன். கையில் தூரம் காட்டும் கடிகாரம் இருந்தது. முதல் சுற்று முந்நூற்று எண்பத்தெட்டு மீட்டர் என்றது. இரண்டாவது எண்பத்தொன்பது. மூன்றாவது மறுபடி எண்பத்தெட்டு. ஸ்வீடன் கடிகாரத்துக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கியது செல்வியின் வீட்டில். எனக்கு இரண்டு வருடம் மூத்தவள், அவளும் எண்ணூறு மீட்டர்தான். இப்போது ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் ரோட்டில் சின்ன மெஸ் நடத்துகிறாள். காலையில் உள்ளூர்க்காரர்களுக்கு இட்லி வடை, ஒன்பது மணிக்கு மேல் வெள்ளைக்காரர்களுக்கு வாழைப்பழம் போட்ட ஓட்ஸ் கஞ்சி. கஞ்சி விலையில் நாலு தட்டு இட்லி சாப்பிடலாம். கேட்டதற்கு, அவங்க மனசு அமைதிக்கு வந்தவங்க, விலை கேட்டு அமைதிய கெடுத்துக்க மாட்டாங்க என்றாள்.

மறுநாள் காலை பக்கத்து மேசையில் இரண்டு ஸ்வீடன்காரர்கள். எனக்கு அவர்கள் பேச்சு புரியும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். "இந்த ஊரில் எல்லாரும் எதையாவது சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்" என்றார் ஒருவர். "புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். ஆனாலும் எங்கேயோ போய்வந்த முகம்." மற்றவர் கஞ்சிக்கு இன்னும் தேன் கேட்டார். அந்தப் பேச்சை நான் செல்விக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மைதானத்தைச் சுற்றினதுக்கு நம்ம மூஞ்சி எப்படி இருந்துச்சுனு மாஸ்டரக் கேட்டாதான் தெரியும் என்றாள். மாஸ்டர் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது.

அன்றைக்குத்தான் கீழ்பென்னாத்தூர் போனேன். கையெழுத்து வேலை அரை மணியில் முடிந்தது. அண்ணன் தோட்டத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கியிருந்தார்கள். பச்சையாகவே உப்புப் போட்டு வேகவைத்து அண்ணி முன்னால் கொட்டினாள். நாங்கள் நயினார் வீடு, சமணர்கள். கிழங்கு சாப்பிட மாட்டோம். மண்ணுக்கடியில் விளையும் மல்லாட்டை மட்டும் எப்படிக் கிழங்கில்லை என்று சின்ன வயதில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது கேட்கவில்லை, சாப்பிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டின் இன்னொரு சட்டம். இருட்டியபின் அடுப்புப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். பயிற்சி முடிந்து நான் வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும் என்பதால் அம்மா தூக்குப்பாத்திரத்தோடு பஸ் ஏறி மைதானத்துக்கே வந்துவிடுவாள். கேலரியின் மூன்றாவது படி, முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி. அங்கே உட்கார்ந்து சூரியனையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஓடி முடித்து மூச்சு வாங்க நான் போய் நிற்கும்போதே முதல் உருண்டை கைக்கு வந்துவிடும். ஸ்வீடனில் கோடையில் இரவு பத்து மணிக்கும் வெயில் அடிக்கும். அம்மா இருந்து அங்கே வந்திருந்தால், எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் ஊட்டிக்கொண்டே இருந்திருப்பாள். பனிக்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும், அப்போது பட்டினிதான்.

திரும்பும்போது பஸ் டயர் வெடித்தது. அடுத்த வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்று கண்டக்டர் எங்களை இறக்கிவிட்டார், அடுத்த வண்டி நிற்கவே இல்லை. ஸ்வீடனில் என்றால் பேருந்து மூன்று நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டுச் செய்தி வரும். இங்கே ஒரு பெரியவர் என் பையை எட்டிப் பார்த்து, மல்லாட்டையா என்றார். அப்புறம் வரப்பில் உட்கார்ந்து ஏழெட்டுப் பேர் உரித்துத் தின்றோம். சூரியன் இறங்குவதைப் பார்த்ததும் அண்ணி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை அவசரமாகப் பிரித்துச் சாப்பிட்டேன். சட்டமெல்லாம் விட்டுப் பல வருடமாகிறது, கை மட்டும் விடவில்லை.

மூன்றாம் நாள் காலை மைதானத்தில் இரண்டு பேர் அளந்துகொண்டிருந்தார்கள். இடிக்கிற வேலைக்கு மதிப்புப் போட வந்தவர்கள். அதில் இளைஞராக இருந்த பொறியாளர் கையில் கைப்பிடி வைத்த ஒரு சக்கரம். தரையில் உருட்டிக்கொண்டு நடந்தால் தூரத்தைச் சொல்லும். சும்மா ஒரு ஆசைக்காக, இந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் ஒரு சுற்று உருட்டுங்கள் என்று கேட்டேன். முன்பு ஓடினவளாம், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறாளாம் என்று பரிதாபப்பட்டு உருட்டினார்.

முந்நூற்று எண்பத்தெட்டு.

"இன்னொரு தடவ ஓட்டட்டுங்களா மேடம்?" என்றார் அவரே. ஓட்டினார். அதேதான். நேராக ஓடும் இரண்டு பக்கத்துக்கும் கல் நட்டிருக்கிறது, அவை சரியாக இருந்தன. குறைந்தது வளைவில். நடு ஆணியிலிருந்து கோடு வரை அளந்துவிட்டு, ரெண்டு மீட்டர் கிட்ட கம்மியா வருதுங்க, கயிறு ஏதாவது சின்னதாயிடுச்சா என்றார். நான் கேட்டுக்கொண்டதற்காகச் சுற்றின் அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். நான் கேலரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கயிறு எப்படிச் சின்னதானது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கயிறு கார்த்திகை தீபம் ஏற்றும் கொப்பரையை மலைமேல் தூக்கிப் போகும்போது கட்டின கயிறு என்று முனிரத்தினம் அண்ணன் சொல்வார். நாங்கள் நம்பினோம். வெளியூர்ப் போட்டிக்குப் போகிறவர்கள் அதன் முனையில் ஒரு சாண் வெட்டி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போவது வழக்கமாகியிருந்தது. அண்ணனுக்குத் தெரியாமல் வெட்ட வேண்டும், வெட்டினதை யாரிடமும் சொல்லக்கூடாது, அடுத்துப் போகிறவளுக்கு மட்டும் காதில் சொல்லலாம். எனக்குச் செல்வி சொன்னாள். சமண வீட்டுப் பெண் தீபக் கயிறு கட்டலாமா என்று நான் யோசித்தேன். அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, அவிழாமல் இருக்க இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டாள்.

ஒரு சாண் கயிறு போனால் என்ன ஆகிவிடும்? கயிறு என்பது ஆணியிலிருந்து ஆள் நிற்கும் தூரம், இரண்டு வளைவும் சேர்ந்தால் அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். ஒரு சாண் வெட்டினால் மைதானம் ஆறு சாண் சுருங்கும். எங்களில் எவருக்கும் அந்தக் கணக்கு வரவில்லை, கணக்குப் பரீட்சையில் நான் தொண்ணூறு வாங்கியிருந்தும். எனக்கு முன்னால் எட்டுப் பேர் வெட்டியிருந்தார்கள். நான் ஒன்பதாவது ஆள்.

இங்கே ஓடினால் எங்கள் நேரம் அற்புதமாக இருக்கும். வெளியூரில் ஓடினால் மூன்று விநாடி, நாலு விநாடி கூடிவிடும். வருடா வருடம் மோசமாகிக்கொண்டே வந்தது. வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மலை நிழலை விட்டுப் போனால் கால் வராது என்றார்கள். உள்ளூர்ப் புலிகள் என்று மற்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். நான் சென்னையில் இரண்டு நிமிடம் இருபத்தாறில் ஓடி ஏழாவதாக வந்தேன். இங்கே ஓடியதைவிட நாலு விநாடி அதிகம். திரும்பி வரும்போது ரயிலில் மாஸ்டர் என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "உனுக்கு காலு இருக்குது. தில்லு இல்ல."

அதற்கப்புறம் நான் போட்டியில் ஓடவில்லை. கயிற்றுக்குச் சக்தி போய்விட்டதென்று அடுத்து யாரும் வெட்டவும் இல்லை.

படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர், இரண்டு சுற்றுக்கு இருபதுக்கு மேல். அதை ஓட எனக்கு நாலு விநாடி ஆகும். நான் சென்னையில் பயப்படவில்லை. இங்கே ஓடின அதே ஓட்டத்தைத்தான் அங்கேயும் ஓடினேன், ஒரு அடி குறையாமல். இருபத்தாறு வருடமாக என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. நேர்காணல்களில், பிரசவ அறையில், பனியில் வண்டி சறுக்கின ஒரு நாளில், எங்கே தயங்கினாலும், நமக்குத்தான் தில்லு இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது எல்லாம் தப்பு. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? மாஸ்டர் இல்லை, அம்மா இல்லை. நாளை மறுநாள் மைதானமும் இருக்காது.

செல்வியிடம் சொன்னேன். மதியக் கூட்டம் முடிந்து அவள் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். ஒம்போது திருட்டுக் கழுதைங்க சேந்து மைதானத்தையே தின்னுட்டோம் என்றாள். அப்புறம் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாள். அவளும் சென்னையில் மூன்று விநாடியில் தோற்றவள். கிடைக்க வேண்டிய கல்லூரி இடம் கிடைக்கவில்லை. அவள் அப்பா ஒரு வருடம் அவளோடு பேசவில்லை, பேசியபோது மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்றுதான் பேசினார்.

"அந்த மூணு செகண்டுக்காகத்தான் எனுக்குக் கல்யாணம் பண்ணாங்க மதி" என்றாள். "அது என்னுது இல்லியா அப்ப?"

அவள் மறுபடி நாரை எடுத்து அண்டாவைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, முனிரத்தினம் அண்ணனிடம் சொல்லாதே என்றாள். அந்தக் கயிறு தப்பென்றால் போர்டில் இருக்கும் ஒவ்வொரு வரியும் தப்பு. அவருக்கு அதை விட்டால் வேறு என்ன இருக்கிறது? சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. ஊரில் ஒரே ஒரு ஆளாவது, நீ பயப்படலை என்று என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் இப்போது அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருபது பேருக்கு மேல் வந்தார்கள். தொப்பை வைத்த போலீஸ்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார், ஆரணியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், பேரனைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. செல்வி மெஸ்ஸிலிருந்து ஒரு தூக்கு நிறையச் சுண்டலும் காபியும் கொண்டுவந்தாள். ஸ்வீடனைப்போல் கேக் இல்லை, வரிசையும் இல்லை. காபி பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. பேச ஒரு மைக் வைத்திருந்தார்கள், அது வேலை செய்யவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். முனிரத்தினம் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முடிவுக் கோட்டில் நின்றார். கையில் மாஸ்டருடைய பழைய விசில்.

விசில் ஊதியதும் எல்லாரும் சிரித்துக்கொண்டு கிளம்பினார்கள். அரைச் சுற்றில் பாதிப் பேர் நடந்தார்கள். நான் ஓடினேன். மலையைப் பார்த்து ஓடும் பக்கம், மலையை முதுகில் வைத்து ஓடும் பக்கம், இரண்டும் காலுக்குத் தெரிந்திருந்தன. இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில் நெஞ்சு எரிந்தது. கோடு தெரிந்தது. அண்ணன் கையைத் தூக்கினார். நான் கோட்டைத் தாண்டினேன், நிற்கவில்லை.

"கோடு இங்க இருக்குது மதிம்மா, எங்க போற" என்று பின்னால் குரல் கேட்டது. இன்னும் இருபத்துநாலு மீட்டர். போர்டில் எழுதியிருக்கும் தூரத்தை இந்த மண்ணில் நான் ஒருநாளும் ஓடியதில்லை. கடிகாரம் எண்ணூறைக் காட்டியபோது நின்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் எதிரே கேலரியின் மூன்றாவது படி. அம்மா உட்காரும் இடம். யாரோ வைத்துவிட்டுப் போன காபி டம்ளர் மட்டும் இருந்தது. சூரியன் இன்னும் இறங்கவில்லை.

கூட்டம் கலைந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், படம் எடுத்தார்கள், இரண்டு மூன்று பேர் கொஞ்சம் மண்ணைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்கள். செல்வி பாத்திரத்தோடு கிளம்பும்போது என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். அண்ணன் நடு ஆணியைப் பிடுங்கி, கயிற்றைக் கையில் சுற்ற ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். பொறியாளர் எழுதிக் கொடுத்த சீட்டு என் பையில் இருந்தது.

கயிற்றின் வெட்டுப்பட்ட முனை கைக்கு வந்ததும் அவராகவே சிரித்தார்.

"நீங்கள்ளாம் வெட்டனது எனுக்குத் தெரியும்" என்றார். "ஒரு சாண்தானே, வெளியூர் போற புள்ளைங்க, தைரியமா இருக்கட்டும்னு வுட்டுட்டேன். இது கொப்பரை கட்டன கயிறே இல்ல மதிம்மா. கடைத்தெருவுல வாங்கனது. சும்மா கெடந்தா எவனாச்சும் மாட்டுக்குக் கட்டத் தூக்கினு போயிடுவான்னு சாமி பேரச் சொல்லி வெச்சேன்."

திருட்டுப் போகாமல் இருக்கச் சொன்ன பொய்தான் அந்தக் கயிற்றைத் திருட வைத்தது. அவர் அதையும் அறியவில்லை. நான் பைக்குள் கை விட்டுச் சீட்டைத் தொட்டேன். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று இருந்தது.

அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்கி ஓடன பாரு, கோட்டத் தாண்டியும் நிக்காம. இந்த ஓட்டத்த அன்னிக்கி மெட்ராஸ்ல ஓடியிருக்கக் கூடாதா?"

அவருக்குப் பின்னால் கேலரியில் போர்டு சாய்ந்திருந்தது. நேற்றுக் கொடுத்த பெயிண்ட்போல இருக்கிறது, எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது.

"பயந்துட்டேண்ணே" என்றேன்.

"அதான் மாஸ்டரும் சொன்னாரு. போனாப் போவுது, சின்னப் பொண்ணுதானே அப்ப" என்று சொல்லிக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசலில் தெரிந்தவருடைய மினி லாரி நின்றது. போர்டை ஆளுக்கொரு முனையாகத் தூக்கினோம். என் பெயர் இருந்த முனை என் கைக்கு வந்தது. பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை, கேட்டைத் தாண்டும்போது விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.